மதுரையில் ஒரு தனியார் மனநல ஆலோசனை மையம்: ஏசி, ரசீது எல்லாம் சரி, கேட்ட கேள்விகள்தான் சரியில்லை

மையத்தின் பெயரைப் போடவில்லை. நான் கூட்டிக்கொண்டு போன இரண்டு பேரும் அந்த வட்டாரத்திலேயே புழங்குகிறவர்கள், பெயர் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஒருவன் என் சித்தி மகன், இருபதுகளில் இருக்கிறான், ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. இன்னொருவர் என்னோடு வேலை பார்க்கும் தோழி. இரண்டு பேரும் இதைப் படித்துப் பார்த்து, சில விவரங்களை மாற்றச் சொல்லி, அப்புறம்தான் போடலாம் என்றார்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.

அந்த இரண்டு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்கு உள்ளே கூப்பிடுகிறார்கள். கட்டணத்துக்கு ரசீது தருகிறார்கள். கழிப்பறை சுத்தம். வாரம் ஒரு நாள் வரும் மனநல மருத்துவர் நல்ல மனிதர், மருந்து எதற்கு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு என்று பொறுமையாகச் சொல்கிறார். தூக்கம் வராதது, பதட்டம், படிப்பு சம்பந்தப்பட்ட அழுத்தம் என்று போனவர்கள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள், அவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் நானும் போனேன். ஆனால் ஒருவர் மேல் இன்னொருவர் கை வைத்ததால் உண்டான காயத்தோடு போகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது வேறு மாதிரி இருக்கிறது. வந்தவர் ஆணா பெண்ணா என்று பார்த்ததுமே, அவர் எப்படி இருக்க வேண்டும், எப்படி அழ வேண்டும், என்ன நடந்திருக்க முடியும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

வரவேற்பறையில் தரும் படிவத்திலேயே இது ஆரம்பிக்கிறது. ஆண்களுக்கு ஒரு தாள், பெண்களுக்கு ஒரு தாள். பெண்கள் தாளில் கணவர் அல்லது தந்தை பெயர் கட்டாயம், மாதவிடாய் பற்றிக் கேள்வி, வீட்டில் வன்முறை உண்டா என்று ஒரு கேள்வி. ஆண்கள் தாளில் குடிப்பழக்கம், சிகரெட், சூதாட்டம், கோபம் வந்தால் கையை ஓங்குவீர்களா என்று கேள்விகள். தம்பி அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். "அக்கா, இதுல நான் எதை டிக் பண்ணுறது?" அவன் குடிப்பதில்லை, யாரையும் அடித்ததும் இல்லை. அவனுக்கு யாராவது ஏதாவது செய்தார்களா என்று கேட்க அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுக் கொடுத்தான். அந்தத் தாளை வைத்துப் பார்த்தால் அவனுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. திருநங்கை, திருநம்பி யாராவது வந்தால் எந்தத் தாள் கொடுப்பார்கள் என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. அது அந்தப் பெண்ணின் தவறு கிடையாது, யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தம்பிக்கு நடந்தது அவன் பன்னிரண்டு வயதில் தங்கிப் படித்த விடுதியில். செய்தது அங்கே பொறுப்பில் இருந்த ஒரு ஆள். ஒரு நாளில் முடிந்த விஷயமும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத அவன் விரும்பவில்லை. இத்தனை வருஷம் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குச் சொன்னதும் அவனாக இல்லை, தூக்கத்தில் கத்துகிறான் என்று சித்தி புலம்பியதைக் கேட்டு நான் விடாமல் விசாரித்ததால் சொன்னான். அவ்வளவு தயங்கி வந்தவனிடம் அந்த மையத்தின் மூத்த ஆலோசகர் முதல் கால் மணி நேரத்தில் கேட்டவை: "தள்ளிவிட்டு ஓட வேண்டியதுதானே?", "வார்டன்கிட்ட சொல்லலையா?", அப்புறம் "உனக்குப் பொண்ணுங்க மேல ஆர்வம் இருக்குல்ல?" அவன் அழ ஆரம்பித்ததும், "ஆம்பளப் பிள்ளை இப்படி அழலாமா, தைரியமா இருக்கணும்ப்பா, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாகிடும்." முதல் அமர்வில் நானும் உள்ளே இருந்தேன், அவன் இருக்கச் சொல்லியிருந்தான். என் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்போம். தள்ளிவிட்டு ஓடியிருக்கலாமே என்ற கேள்வி, ஆண் என்றால் பன்னிரண்டு வயதிலும் பலசாலி என்று நினைத்துக் கேட்பது. பயத்தின் உச்சத்தில் உடம்பு உறைந்து போவது ஆண், பெண் இருவருக்கும் நடக்கிற விஷயம், மனம் எடுக்கிற முடிவு கிடையாது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பிறகு அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017ல் வெளிவந்தது. அதில் 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவில் உறைந்து போயிருந்தார்கள், அப்படி உறைந்தவர்களுக்குப் பின்னாளில் மன அதிர்ச்சிக் கோளாறும் கடுமையான மனச்சோர்வும் வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. வளர்ந்த பெண்களுக்கே இந்த நிலை என்றால், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அந்த ஆளையே நம்பியிருந்த ஒரு சிறுவன் எங்கே ஓடுவான்? சொல்லவில்லையா என்று கேட்டவருக்கு, செய்தவனே பொறுப்பில் இருந்த ஆள் என்பது மனதில் பதியவே இல்லை.

பெண்கள் மேல் ஆர்வம் இருக்கிறதா என்ற கேள்வி அவனை ரொம்ப நாள் விடவில்லை. நடந்ததற்கும் ஒருவருக்கு யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பதற்கும் முடிச்சுப் போடுவது நம் ஊரில் சகஜம். பையன்கள் வாயைத் திறக்காமல் இருக்க இது ஒரு பெரிய காரணம், சொன்னால் தன்னையே வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். இதோடு சேர்ந்த இன்னொன்றும் உண்டு. தொடும்போது உடம்பு தானாக எதிர்வினை காட்டியிருந்தால், "எனக்கும் பிடித்திருந்ததோ" என்ற சந்தேகம் அந்தப் பையனை வருஷக்கணக்கில் அரிக்கும். அது உடம்பின் அனிச்சைச் செயல், விருப்பமும் கிடையாது, சம்மதமும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தை ஒரு ஆலோசகர் முதல் நாளே சொல்லிவிட்டால் எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்! செய்தது ஒரு பெண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், பையனுக்கு அதிர்ஷ்டம் என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த அறையில் சொல்லப்பட்டதிலேயே பெரிய கெடுதல் செய்தது கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தை. "இப்படி பாதிக்கப்பட்ட பசங்க சில பேரு பின்னாடி அதையே மத்தவங்களுக்கு செய்வாங்க, அதனால நீ கவனமா இருக்கணும்." அவன் வீட்டில் அவனுடைய சொந்த அக்காவின் கைக்குழந்தை இருக்கிறது, அவன் கையில்தான் அது தூங்கும். அன்றைக்குப் பிறகு அந்தக் குழந்தையை அவன் தூக்கவே இல்லை. ஏன் தூக்க மாட்டேன் என்கிறான் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை, கோபம் என்று நினைத்தார்கள். சிறு வயதில் இந்தக் கொடுமைக்கு ஆளானவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழ்கிறவர்கள். ஒரு பெண் இதே கதையோடு வந்திருந்தால் "நீயும் இதைச் செய்துவிடுவாய்" என்று அந்த ஆலோசகர் சொல்லியிருப்பாரா? மாட்டார். பெண்ணை எப்போதும் பாதிக்கப்படுகிறவளாகவும் ஆணை எப்போதும் பாதிப்பை உண்டாக்குகிறவனாகவும் மட்டும் பார்க்கத் தெரிந்த ஒருவரின் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வரும்.

ஆண் பிள்ளைகளுக்கு இது நடப்பது அபூர்வம் என்று நினைப்பவர்கள் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் பார்க்கலாம். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியிருக்கிறார்கள். 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், அப்படிச் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேலே ஆண் பிள்ளைகள். 2012ல் வந்த போக்சோ சட்டமும் ஆண், பெண் என்று பிரிக்காமல் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாக் குழந்தைகளையும் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிறது. அதே ஆலோசகர் தம்பியிடம், "இதெல்லாம் பழைய கதை, இனிமே கேஸும் போட முடியாது" என்றும் சொன்னார். இதுவும் தவறான தகவல். மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் புகார் கொடுக்கக் காலவரம்பு கிடையாது, அவனுக்கு நடந்தது அந்த வகையைச் சேர்ந்தது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவன் விருப்பம். அந்த வழியே அடைபட்டுவிட்டது என்று பொய்யான நம்பிக்கையோடு அவனை அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது தோழியின் விஷயம். வேறு மாதிரி நடந்தது, ஆனால் வேர் ஒன்றுதான்.

அவர் வாய் ஓயாமல் பேசுகிறவர், அலுவலகத்தில் பத்து இருபது பேரை மேய்க்கிறவர், நன்றாக உடுத்துவார். கணவர் அடிக்கிறார், சம்பள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார், போனைச் சோதிக்கிறார். கன்னத்தில் அடிப்பதில்லை, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கிறார். இதையெல்லாம் அவர் அழாமல் சொன்னார், நடுநடுவே சிரித்தும் சொன்னார். ஆலோசகர் கேட்டது: "உங்களைப் பார்த்தா அடி வாங்குற மாதிரியே தெரியலையேம்மா. நீங்க வீட்ல கொஞ்சம் டாமினேட்டிங்கா?" அதோடு, சம்பவங்களைத் தேதி வாரியாகச் சொல்லச் சொல்லி, ஒன்றிரண்டு முன்பின் ஆனதும், "முதல்ல வேற மாதிரி சொன்னீங்களே" என்று மடக்கினார். கடைசியில் அடுத்த முறை கணவரையும் கூட்டிவாருங்கள், இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினால் சரியாகிவிடும் என்றார்.

தம்பி அழுததால் அவன் ஆண்மை குறைந்துவிட்டது, தோழி அழாததால் அவர் சொன்னது பொய்யாகிவிட்டது.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் பாலினம் பற்றிய தவறான முன்முடிவுகளை நீக்க நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. பாதிக்கப்பட்ட பெண் ஓயாமல் அழுவாள், மனமுடைந்து கிடப்பாள், அப்படி இல்லையென்றால் பொய் சொல்கிறாள் என்ற எண்ணத்தை அதில் தனியாக எடுத்துச் சொல்லி மறுத்திருக்கிறார்கள். அதிர்ச்சிக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எதிர்வினை காட்டுவார்கள், இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று சரியான முறை எதுவும் கிடையாது என்பது அதன் சாரம். நீதிபதிகளுக்கே சொல்லித்தர வேண்டியிருக்கும்போது ஆலோசகருக்கும் தேவைதான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வது, யாருக்கோ நடந்த மாதிரி விலகி நின்று சொல்வது, தேதிகள் குழம்புவது, ஒரு வாசனையோ சத்தமோ மட்டும் துல்லியமாக நினைவில் இருப்பது, இவை எல்லாமே அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் பார்க்கக்கூடியவை. மனநலம் படித்த ஒருவருக்கு இது பாலபாடம்.

கணவரோடு சேர்த்து உட்கார வைப்பது ஆபத்தான யோசனை. அடிக்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது அடிபடுகிறவர் உண்மையைப் பேச முடியாது, பேசினால் அன்றிரவே வீட்டில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். சமரசம் செய்து வைக்கும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு போதும். 2020ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கொடுக்கும்போது, அந்தப் பெண்ணின் வீட்டுக்கே இனிப்போடு போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டது. உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் அதை ரத்து செய்து, இந்த மாதிரி வழக்குகளில் சமரசம், கல்யாணம் என்று எந்த யோசனையும் நீதிமன்றங்கள் சொல்லக் கூடாது என்று உத்தரவிட்டது.

தோழிக்கு அங்கே சொல்லியிருக்க வேண்டியது வேறு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி மட்டும் வன்முறை கிடையாது, பணத்தைப் பிடுங்கி வைப்பதும், ஏச்சும், மிரட்டலும் அதில் அடங்கும். வீடு யார் பெயரில் இருந்தாலும் அவர் குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்க அவருக்கு உரிமை உண்டு. மாவட்டத்தில் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் போகலாம். அரசின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, தற்காலிகத் தங்கல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், காசு கிடையாது. பெண்கள் உதவி எண் 181க்கு எந்த நேரமும் பேசலாம். கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிய இடத்தில் இதில் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்த பெண்களில் 14 சதவீதம் பேர்தான் எங்காவது உதவி கேட்டுப் போகிறார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒருவராக வந்தவரை இப்படித் திருப்பி அனுப்பினால் அவர் அடுத்த கதவைத் தட்டுவாரா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம்பியின் கதையை எழுதினால், "பார்த்தீங்களா, ஆண்களும்தான் பாதிக்கப்படுறாங்க" என்று பெண்களின் வாயை அடைக்க அதை எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்காக இதை எழுதவில்லை. 1992ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்ததிலிருந்து சகி மையம் வரை, பெண்களுக்காகத் திறந்த ஒவ்வொரு கதவும் தேவையானது, இன்னும் வேண்டும். தம்பிக்கு அந்த மாதிரி ஒரு கதவு இல்லை என்பது தனிக் குறை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வல்லுறவுப் பிரிவு பெண்களை மட்டும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுக்கிறது, ஆணுக்கு நடந்தாலும் வழக்குப் போட உதவிய பழைய சட்டத்தின் 377ஆம் பிரிவும் இப்போது இல்லை, அதனால் 18 வயது தாண்டிய ஆணுக்கு இது நடந்தால் வல்லுறவு என்று வழக்குப் போடப் பிரிவே கிடையாது. பெண்ணை வல்லுறவு செய்தால் குறைந்தது பத்து ஆண்டு தண்டனை. திருநங்கையையோ திருநம்பியையோ பாலியல் துன்புறுத்தல் செய்தால் 2019ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து அதிகபட்சம் இரண்டு ஆண்டு. சட்டம் எழுதுகிறவர்கள் மனதிலும் அதே இரண்டு தாள்கள்தான் இருந்திருக்கின்றன போல.

மையத்தின் நிர்வாகத்துக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் மரியாதையாகப் பேசினார், அனுபவம் உள்ள ஆலோசகர், அவர் மேல் இதுவரை புகார் வந்ததில்லை என்றார். புகார் எப்படி வரும், பாதியில் நின்றுபோனவர்கள் திரும்பி வந்து எழுதியா கொடுப்பார்கள்? பின்னால் கேள்விப்பட்டவரை, பெண்கள் தாளில் கணவர் பெயர் இப்போது கட்டாயம் இல்லை. ஆண்கள் தாள் அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு பேரும் இப்போது வேறு இடத்தில் பார்க்கிறார்கள். அது சின்ன இடம், ஏசி இல்லை, காத்திருக்கவும் வேண்டும், மாடிப்படி செங்குத்து. ஆனால் அங்கே முதலில் கேட்ட கேள்வி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்: "இன்னிக்கு ராத்திரி எங்க தூங்கப் போறீங்க? அங்க உங்களுக்குப் பயம் இல்லையே?" ஒரு இருபத்து சொச்ச வயது ஆணிடம் இதைக் கேட்டார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று சுற்றி வளைக்காமல் கேட்டார்கள். என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லச் சொல்லவில்லை, எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு போதும் என்றார்கள். குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றம் என்றால் சட்டப்படி தகவல் சொல்ல வேண்டிய கடமை வரலாம், அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள் என்று தம்பியிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள், அந்த நேர்மை அவனுக்குப் பிடித்திருந்தது. தோழிக்கு, அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால் எந்தக் காகிதங்களை எங்கே வைத்திருக்க வேண்டும், யாரிடம் ஒரு நகல் கொடுக்கலாம் என்று உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அங்கேயும் சிரித்துக்கொண்டுதான் பேசினார், யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மருந்துக்கு மட்டும் என்றால் முதலில் சொன்ன மையத்தில் அந்த மருத்துவரைத் தாராளமாகப் பார்க்கலாம், முன்பதிவு செய்யும்போதே மருத்துவர் மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அங்கே இருக்கும் இளம் ஆலோசகர் பெண் ஒருவரைப் பற்றி நல்லவிதமாகக் கேள்விப்படுகிறேன், எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அடி, பாலியல் துன்புறுத்தல் சம்பந்தமாகப் போகிறவர்கள், ஆணோ பெண்ணோ, எந்த மையமாக இருந்தாலும் முதலில் போனில் கேளுங்கள்: இந்த மாதிரி விஷயங்களில் பயிற்சி எடுத்தவர் யார், கூட வரும் ஆளை உள்ளே விடுவீர்களா, நான் சொல்வதை யாருக்கெல்லாம் சொல்வீர்கள், எந்த நிலையில் போலீஸுக்குச் சொல்வீர்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். நேரில் போகும் நிலை இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுகிறார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.